பரளிக்காடு பரிசல் பயணம்: கல்யாண நாளைக் கழிக்க ஏற்ற இடமா?

கோவைப் பக்கம் கல்யாண நாள் எப்படிப் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். காலையில் மருதமலை அல்லது பேரூர், மதியம் ஏசி ஓட்டலில் பஃபே, மாலையில் மால், ராத்திரி மொட்டை மாடியில் கேக். இதெல்லாம் வேண்டாம், பகல் முழுக்க மரத்தடியிலும் தண்ணீரிலும் இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்குக் கொங்கு நாட்டில் நாங்கள் முதலில் கைகாட்டும் இடம் பரளிக்காடு. காரமடை வனச்சரகத்தில், பில்லூர் அணையின் நீர்த்தேக்கக் கரையில், உள்ளூர் இருளர் மக்களை வைத்து வனத்துறை நடத்தும் சூழல் சுற்றுலா இது. சனி, ஞாயிறுகளில் நடக்கிறது. பரிசல், மதியச் சாப்பாடு, அத்திக்கடவில் ஆற்றுக் குளியல் மூன்றும் ஒரே கட்டணத்தில் அடக்கம்.

ஆனால் ஜோடிகளை மனதில் வைத்துப் போட்ட திட்டம் இல்லை இது. வயதானவர்களோடு வரும் குடும்பங்கள், ஐ.டி. கம்பெனிக் கூட்டம், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் வருவார்கள், ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள். பூ தூவிய மேசை கிடையாது, பாட்டு கிடையாது. அந்தக் கூட்டத்துக்குள் இருவருக்கான நேரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்து போனால் இதைவிட நல்ல பகல் கிடைக்காது. தெரியாமல் போனால் அடுத்தவர் வீட்டு விசேஷத்தில் போய் உட்கார்ந்த கதைதான்.

முதல் கேள்வி, உங்கள் கல்யாணம் எந்த முகூர்த்தத்தில் நடந்தது என்பது. தை, மாசி என்றால் யோசிக்காமல் போகலாம். வெயில் உறைக்காது, மழைத் தொந்தரவு இல்லை, காலையில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். மாசியில் ஒரே ஒரு சிக்கல், காரமடை அரங்கநாதர் தேர். மாசி மகத்தை ஒட்டிய நாட்களில் காரமடைக்குள் வண்டி நகராது. அந்த வார இறுதியை விட்டுவிட்டு முன்பின்னாகத் தேதி எடுங்கள்.

பங்குனி, சித்திரை சுமார்தான். நீர்மட்டம் இறங்கிக் கரையோரம் சேறு தெரியும், பரிசல் ஏறும் இடத்துக்கு வெயிலில் நடக்க வேண்டியிருக்கும். காட்டுத் தீக்காலம் என்பதால் பிப்ரவரி நடுவில் தொடங்கி ஏப்ரல் நடு வரை மலையேற்றத்துக்கு வனத்துறை தடை போடுவது வழக்கம். காட்டுக்குள் நடக்கலாம் என்ற எண்ணத்தோடு அப்போது வராதீர்கள். வைகாசியில் பள்ளி விடுமுறைக் கூட்டம். ஆனி பிறப்பதற்குள் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். பவானி நீலகிரியில் பிறந்து, கேரளத்தின் அட்டப்பாடிக்குள் போய், அங்கிருந்து திரும்பித் தமிழ்நாட்டுக்குள் வந்து பில்லூரில் சேரும் ஆறு. அதனால் அன்று காரமடையில் வானம் வெளுத்திருக்கிறதா என்று பார்த்துப் பயனில்லை. அட்டப்பாடியிலும் குந்தா மலையிலும் முந்தின இரண்டு நாள் மழை எப்படி என்று பாருங்கள். பில்லூர் 100 அடி அணை. 97 அடியைத் தொட்டாலே உபரிநீரைத் திறந்து, கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை விடுவார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் பரிசல் ஓடும் என்று நம்பிப் புறப்படக் கூடாது. போன் போட்டுக் கேட்டுக்கொண்டு வண்டியை எடுங்கள்.

ஆவணியில் கல்யாணம் செய்தவர்கள் அதிர்ஷ்டக்காரர்கள். அணை நிறைந்து, கரை மரங்களின் வேர்வரை தண்ணீர் நிற்கும். மழை ஓய்ந்த வாரமாகப் பார்த்துக்கொண்டால் ஆண்டிலேயே அழகான நேரம் அதுதான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் பிடிக்கும். பரிசல் மழைக்குத் தப்பும், ஆற்றுக் குளியல் மாட்டிக்கொள்ளும்.

இன்னொரு கணக்கும் உண்டு. கல்யாண நாள் புதன்கிழமை வந்தால் எப்படியும் வார இறுதிக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். சனியா ஞாயிறா என்று வரும்போது நம் பக்கம் நிறையப் பேர் சனிக்கிழமை கறி தொடமாட்டார்கள், புரட்டாசி என்றால் கேட்கவே வேண்டாம். இங்கே சாப்பாட்டின் பெருமையே களியும் கோழிக் குழம்பும்தான். விரதக்காரர்கள் ஞாயிறு எடுங்கள். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்குச் சனியே மேல்.

வனத்துறையின் இணையதளத்தில் முன்பதிவு செய்து, பணமும் அங்கேயே கட்டிவிட வேண்டும். நேரில் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள், எழுபது கிலோமீட்டர் வந்தோம் என்று கெஞ்சி ஆகப்போவது ஒன்றும் இல்லை. நல்ல முகூர்த்த மாதங்களிலும் தொடர் விடுமுறையிலும் மூன்று நான்கு வாரம் முன்பே பதிந்துவிடுங்கள். உறுதிச் சீட்டைக் காகிதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது படமாகவாவது போனில் சேமித்து வையுங்கள். வெள்ளியங்காடு தாண்டினால் சிக்னலை நம்ப முடியாது. மெயிலைத் திறந்து காட்டுகிறேன் என்று சோதனைச்சாவடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர்க்கலாம். அதே காரணத்தால் யூபிஐயும் படுத்துவிடும். ஐம்பது, நூறு நோட்டுகளாகக் கொஞ்சம் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

வழி சுலபம். கோவையில் இருந்து மேட்டுப்பாளையம் சாலையில் காரமடை, அங்கே இடது பக்கம் திரும்பி வெள்ளியங்காடு, அதற்கு மேல் முள்ளி சாலை. மொத்தம் 70 கிலோமீட்டர் சுமார், இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். திருப்பூர்க்காரர்கள் அவிநாசி, அன்னூர் வழியாகக் காரமடை வந்தால் கோவை நெரிசல் மிச்சம். ஈரோட்டுக்காரர்கள் சத்தி, புளியம்பட்டி, அன்னூர் என்று வரலாம், ஆனால் விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். பெட்ரோலைக் காரமடையிலேயே போட்டுவிடுங்கள், காலை டிபனையும் அங்கேயே முடியுங்கள். கல்யாண நாளுக்குக் கோயில் போகாமல் எப்படி என்றால் அரங்கநாதர் வழியிலேயே இருக்கிறார். ஏழரைக்குள் தரிசனம், எட்டுக்குள் இட்லி, எட்டரைக்கு வெள்ளியங்காடு சாலை என்று வைத்துக்கொண்டால் பத்து மணிக்குள் பதற்றமில்லாமல் போய்ச் சேரலாம். காரமடையை விட்டதும் கறிவேப்பிலைத் தோட்டங்கள், அப்புறம் வாழையும் பாக்கும், அதற்குமேல் காடு. இந்தச் சாலையை அவசரமாகக் கடப்பது பாவம்.

பத்து மணிக்குள் போய்விடுங்கள் என்பதைக் கண்டிப்பாகவே சொல்கிறோம். பரிசல்கள் எண்ணிக்கை குறைவு, ஆட்களைப் பிரித்துப் பிரித்துத்தான் அனுப்புவார்கள். முதல் சுற்றில் போனால் காற்று எழுவதற்கு முன் போய் வரலாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். பரிசல் லேசானது, அடி தட்டையானது. காற்று தள்ளும் பக்கம் ஒதுங்கும், பரிசல்காரரின் உழைப்பெல்லாம் அதை இழுத்துப் பிடிப்பதிலேயே போகும். கடைசிச் சுற்றுக்காரர்கள் உச்சி வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு திரும்புவார்கள். முதல் சுற்றில் போய் வந்தவர்களுக்கோ சாப்பாட்டு நேரம் வரை ஒரு மணி நேரமாவது கையில் மிஞ்சும். இருவருக்கான நேரம் என்று சொன்னது அதைத்தான். கொஞ்சம் கழித்து வருகிறோம்.

பரிசலுக்கு முன், பின் என்று எதுவும் கிடையாது. நேர்க்கோட்டில் பிடித்து நிறுத்த, மற்றப் படகுகளில் இருப்பது போல அடியில் நீளக் கட்டையும் இல்லை. துடுப்பை ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் சுற்றிவிடும். அதனால்தான் பரிசல்காரர் துடுப்பைத் தனக்கு முன்னால் போட்டுத் தன் பக்கமாக இழுத்து இழுத்து ஓட்டுகிறார். ஏறும்போது ஓரத்தை மிதித்தால் அந்தப் பக்கம் உடனே சாயும், எதிர்ப்பக்கம் மேலே எழும். “நடுவுல மிதிங்க அக்கா, ஓரத்துல வேண்டாமுங்க” என்று பரிசல்காரர் சொல்வது இதனால்தான். ஒவ்வொருவராக, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நடுவில் ஒரு கால், பிறகு அடுத்த கால், உடனே உட்கார்ந்துவிட வேண்டும். இறங்கும்போதும் அப்படியே. ஒருவர் கரையில் இறங்கி நிலையாக நின்ற பிறகே அடுத்தவர் எழ வேண்டும். இருவரும் ஒன்றாக எழுந்தால் பரிசல் கரையை விட்டு விலகும், கால் நடுவில் போகும்.

ஒரு பரிசலில் நான்கு பேர் கணக்கு. அதாவது உங்களோடு இன்னொரு ஜோடியோ ஒரு குடும்பத்தில் பாதியோ ஏறும். இது பிடிக்காதென்றால் ஒரே மாதத்தில் கல்யாணம் ஆன அண்ணன் அண்ணியையோ நண்பர் ஜோடியையோ கூட்டி வாருங்கள், பரிசல் உங்களுடையதாகிவிடும். புருஷன் பெண்டாட்டி பக்கத்தில் பக்கத்தில் உட்கார ஆசைப்படுவார்கள், எடை ஒரு பக்கம் குவியும். எதிரெதிரே உட்கார்ந்து எடையைப் பிரித்தால்தான் சமநிலை. வட்டப் படகில் எதிரெதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசுவது கல்யாண நாளுக்கு ஒன்றும் குறைவில்லையே.

லைஃப் ஜாக்கெட்டை முழுக்கக் கட்டுங்கள். போட்டோவுக்காகப் பட்டையைத் தளர்த்தினால் தண்ணீரில் விழும்போது ஜாக்கெட் மேலே போகும், ஆள் கீழே போவார். செல்ஃபிக்கு எழுந்து நிற்கவே கூடாது. உட்கார்ந்திருக்கும்போது எடை தாழ்வாக இருப்பதால்தான் பரிசல் கவிழாமல் நிற்கிறது. நல்ல படம் வேண்டுமானால் கரைக்குத் திரும்பும் நேரத்தில் மலை பின்னால் வரும்படி உட்கார்ந்து, எதிரில் இருப்பவரிடம் போனைக் கொடுங்கள். நடுத் தண்ணீரில் பரிசலைக் கிறுகிறுவெனச் சுற்றிக் காட்டச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். தலைசுற்றல் உள்ளவர்கள் முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லிவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முட்டி வலி உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கிட்டத்தட்டத் தரையில் உட்காருகிற உயரம், வெகுநேரம் காலை மாற்ற முடியாது. வெள்ளி விழா கொண்டாட வருபவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். பரிசலில் ஏறாமல் கரையிலேயே இருந்தாலும் நாள் வீணாகாது.

உடை விஷயத்தில் பெரும்பாலான ஜோடிகள் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். பட்டுச்சீலையைக் கோயிலோடு முடித்துக்கொள்ளுங்கள். பரிசலின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் கிடக்கும், பட்டில் அது கறையாகக் காயும். நெகமம் கைத்தறியோ சுடிதாரோ சரி. சீலை என்றால் முந்தானையை இடுப்பில் செருகிவிட்டு அதன்மேல் லைஃப் ஜாக்கெட்டை மாட்ட வேண்டும். ஆண்கள் வெள்ளை வேட்டி கட்டி வந்தால் ஏறி இறங்குவதற்குள் பாடாகிவிடும். தலையில் மல்லிகை வைப்பதில் தவறில்லை, சென்ட் மட்டும் வேண்டாம். தேனீக்கள் உள்ள காடு.

பரிசல் முடிந்து சாப்பாட்டு மணி அடிக்கும் வரை உள்ள நேரத்தைத்தான் இந்த இடத்தின் உண்மையான பரிசு என்போம். கரையோரப் பெரிய மரங்களில் தூரி, அதாவது ஊஞ்சல், கட்டியிருக்கிறார்கள். கயிற்றுக் கட்டில்கள் நிழலில் கிடக்கும். பெரும்பாலானவர்கள் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்துக் கட்டிலையே பிடித்துக்கொண்டு சீட்டுக்கட்டைப் பிரிப்பார்கள். தண்ணீரோரமாகக் கொஞ்சம் நடந்தால், பணியாளர்கள் கண்ணில் படும் எல்லைக்குள்ளேயே ஆளில்லாத மரத்தடி கிடைக்கும். பவானி ஜமுக்காளம் ஒன்றைக் காரில் போட்டு வந்திருந்தால் வேலை முடிந்தது. எல்லை தாண்டிப் புதருக்குள் போக வேண்டாம், யானை பகலிலும் தண்ணீருக்கு இறங்கும் காடு. பாட்டுப் பெட்டி எடுத்து வராதீர்கள், பக்கத்துக் கூட்டம் எடுத்து வந்திருந்தால் பணியாளரிடம் சொல்லுங்கள்.

கேக்கைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் காரில் வந்த க்ரீம் கேக் பெட்டியைத் திறக்கும்போது கூழாக இருக்கும். அதோடு அட்டை, பிளாஸ்டிக் கத்தி, மினுக்குத் தாள், தெளிக்கும் நுரை எல்லாம் சேர்ந்து வரும். கோவைக்குக் குடிநீர் தரும் அணை இது, அங்கே அந்தக் குப்பையைப் போடுவதற்கு மன்னிப்பே கிடையாது. பிளாஸ்டிக்குக்கும் மதுவுக்கும் அனுமதி இல்லை. இனிப்பு இல்லாமல் முடியாதென்றால் வீட்டில் இருந்து கச்சாயம் எடுத்து வாருங்கள், இரண்டு நாள் ஆனாலும் கெடாது. ஒப்புட்டும் சரிதான், வாழையிலையில் சுற்றித் தூக்கில் வைத்துவிடலாம். மூடியை இறுக்குங்கள், குரங்குகள் கைதேர்ந்தவை.

சாப்பாடு உள்ளூர்ப் பெண்கள் சமைப்பது. ராகிக் களி உருண்டை, கோழிக் குழம்பு, சப்பாத்தி, காய்கறி பிரியாணி, வெங்காயப் பச்சடி, தயிர்ச்சோறு, கேசரி, வாழைப்பழம் என்கிற வகையில் பெரும்பாலும் இருக்கும். இதில் எதற்கு வயிற்றில் இடம் வைக்க வேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை: களி, குழம்பு, தயிர்ச்சோறு. சப்பாத்தியும் பிரியாணியும் ஊரிலேயே கிடைக்கும். களியைக் கோதுமைப் பண்டம் போல மென்றால் பல்லில் ஒட்டி வெறுத்துப் போகும். சுண்டுவிரல் அளவு கிள்ளி, கட்டைவிரலால் குழி செய்து, குழம்பில் முக்கி மெல்லாமல் விழுங்க வேண்டும். சூடாக இருக்கும்போதுதான் இது வாய்க்கும், ஆறினால் களி இறுகிவிடும். அதனால் பந்தியில் முதல் வரிசையில் போங்கள். குழம்பு காரசாரமாகவே இருக்கும், குழந்தைகளோடு வருபவர்கள் தயிர்ச்சோற்றை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். இலைக்கு முன்னால் விருந்தாளியாக உட்காரும் ஓட்டல் உபசாரத்தை எதிர்பார்க்கக் கூடாது, வரிசையில் நின்று வாங்குவதுதான் முறை. கேட்டால் மறுபடி போடுவதில் கஞ்சத்தனம் கிடையாது.

சாப்பிட்டதும் ஆற்றுக்கு ஓடாதீர்கள், அரை மணி நேரம் கட்டிலில் கிடந்துவிட்டுக் கிளம்புங்கள். அத்திக்கடவு என்றதும் திருப்பூர், அவிநாசிக்காரர்களுக்கு ஆறு நினைவுக்கு வராது, குடங்களும் போராட்டங்களும்தான் வரும். பவானித் தண்ணீரால் குளங்களை நிரப்ப 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் பேரை மட்டும்தான் இங்கிருந்து எடுத்துக்கொண்டது, தண்ணீரை எடுப்பது வெகுகீழே காலிங்கராயன் அணைக்கட்டுக்கு அப்பால். குளிக்கும் இடத்தில் பாறைகள் பாசி பிடித்து வழுக்கும், பட்டை வைத்த செருப்போடு இறங்குவது நல்லது. வழிகாட்டி காட்டும் இடத்தில் மட்டும், இடுப்பளவுக்கு மேல் போகாமல் குளியுங்கள். சோப்பு, ஷாம்பு வேண்டாம். தெளிவாக இருந்த தண்ணீர் கலங்கலாகி, இலைச் சருகு மிதந்து வரத் தொடங்கினால் மேல்மலையில் மழை என்று பொருள். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் உடனே கரையேறிவிட வேண்டும். உடை மாற்ற வசதியான இடத்தை எதிர்பார்க்காதீர்கள். பெரிய துண்டு இரண்டும் முழு நைட்டி ஒன்றும் இருந்தால் பெண்களுக்குச் சமாளிக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் ஏற்பாடு இன்னும் மேம்பட வேண்டும்.

அத்திக்கடவைத் தவறவிட்டவர்கள் திரும்பும் வழியில் மேட்டுப்பாளையத்தில் ஆற்றில் இறங்கலாமே என்று நினைக்கிறார்கள். அதைச் செய்யவே கூடாது. பில்லூரில் மின் உற்பத்திக்காகத் தண்ணீர் திறக்கும்போது, மழையே இல்லாத நாளிலும் அங்கே ஆறு திடீரென உயரும். நடுப்பாறையில் மாட்டிக்கொண்டவர்களைக் கயிறு கட்டி மீட்கும் செய்தி அடிக்கடி வருவது அதனால்தான்.

கொடுக்கும் காசுக்கு வஞ்சனை இல்லை என்பதே எங்கள் தீர்ப்பு. ஊரில் ஒரு நல்ல ஓட்டல் பஃபேயோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இருக்காது, இதில் பாதி நாள் சேர்ந்து கிடைக்கிறது. பரிசலும் களியும் தூரியும் முதல் தரம். தனிமை, முதல் சுற்றைப் பிடித்தவர்களுக்கு மட்டும். கழிப்பறை, உடை மாற்றும் வசதி சுமார். புதிதாகக் கல்யாணம் ஆகி முதல் வருடம் கொண்டாடும் ஜோடியைவிட, ஐந்து பத்து வருடம் ஆகி, பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வருபவர்களுக்கு இந்த இடம் அதிகம் பொருந்தும். போனும் எடுக்காது, பிள்ளைகளும் கூப்பிட மாட்டார்கள். ராத்திரியும் தங்க வேண்டும் என்றால் பக்கத்தில் பூச்சமரத்தூரில் வனத்துறையின் தங்குமிடம் உண்டு, அதற்குத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும்.

கேட்ட நாளில் இடம் கிடைக்காவிட்டாலோ பரிசல் நிறுத்தப்பட்டாலோ, அதே காரமடையில் இருந்து பவானிசாகருக்கு வண்டியைத் திருப்பலாம். அணைப் பூங்காவும் வெளியே பொரித்த மீனும் உண்டு. அமைதி கிடைக்காது, நாள் மட்டும் காலியாகாது.

திரும்பும்போது முள்ளி வழியாக மஞ்சூர் ஏறி ஊட்டி பார்த்துவிட்டு இறங்கலாம் என்று கூகுள் வரைபடம் ஆசை காட்டும். அந்தப் பாதையில் 43 கொண்டை ஊசி வளைவுகள், வழியெங்கும் யானை நடமாட்டம், நடுவில் சோதனைச்சாவடிகள். பொழுது சாயும் நேரத்தில் அதற்குப் போகவே வேண்டாம். வந்த வழியே, நாலரைக்குள் அத்திக்கடவை விட்டுக் கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே வெள்ளியங்காட்டைத் தாண்டிவிடுங்கள். வழியில் யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், விளக்கைப் போட்டு விளையாடாமல், தள்ளி நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் காத்திருங்கள். பைக்கில் வந்தவர்கள் தனியாகக் கிளம்பாமல் ஒரு காருக்குப் பின்னால் சேர்ந்து வருவது நல்லது.